விரலுயரப் போலீசும் பலாச்சுளை டைக்காரனும்

நடந்துச்சா நடக்கலையான்னு கேக்கறவங்க இப்பவே எழுந்து போயிடலாம், எனக்கு ஒரு வருத்தமும் இல்ல. உக்காந்திருக்கறவங்களுக்குச் சொல்றேன். கெடிலம் ஆத்துக்கு இந்தப் பக்கம் இருக்கற எங்க பொம்மைக்காரத் தெருவுல, தேருக்குக் கொடியேத்தறதுக்கு முந்தின வாரம், பட்டப்பகல்ல, ஏகாம்பரம் பட்டறையில காயப்போட்ட பலகை மேல, விரலுயரப் போலீஸ்காரங்க ஒரு கூட்டம் எழுந்து நடந்தாங்க. நான் அந்தப் பலகைக்கு முன்னாடிதான் உக்காந்து பெயிண்ட் அடிச்சிக்கிட்டு இருந்தேன், அதனால கேள்விப்பட்டேன்னு சொல்ல மாட்டேன், பாத்தேன்னுதான் சொல்லுவேன்.

ஏகாம்பரம் பட்டறையில வருஷம் பூரா கொலு பொம்மைதான். பொங்கலுக்கு அப்புறம் கொஞ்சம் கை காலியா இருக்கும், அப்ப ஏதாவது வெளிநாட்டு ஆர்டர் வந்தா ஏகாம்பரம் விடமாட்டாரு. அந்த வருஷம் மெட்ராஸ் ஏஜண்ட் ஒருத்தரு கொண்டுவந்தது ரௌடியும் போலீசும். வெள்ளைக்காரங்க ஊர்ல, அந்தக் காலத்து ரௌடிங்களாம், நீளக் கோட்டு, டை, வட்டத் தொப்பி, கையில துப்பாக்கி. அவங்களைப் பிடிக்கப் போலீசு. அங்க மீசை நரைச்ச ஆம்பளைங்க எல்லாம் மேசை மேல அட்டையில தெருவும் வீடும் கட்டி, இந்தப் பொம்மைங்களை நிறுத்தி, பகடை உருட்டி, யாரு யாரைச் சுட்டதுன்னு பொழுதுக்கும் விளையாடுவாங்களாம். நம்ம ஊர்ல நாலு பேரு வேப்பமரத்தடியில தாயம் உருட்டினா சூதாட்டம்னு புடிச்சிக்கிட்டுப் போறான், அங்க அதுக்குக் கடையே இருக்குதாம், என்னத்தைச் சொல்ல.

ஈயத்துல வார்த்த பொம்மைங்க மூட்டையா வந்து இறங்குச்சு. கையில எடுத்துப் பாத்ததுமே எங்களுக்குப் புரிஞ்சிடுச்சு, ரௌடிக்கும் போலீசுக்கும் அச்சு ஒண்ணுதான். அதே கோட்டு, அதே கால்சட்டை, அதே மூஞ்சி. தொப்பி மட்டும் தனியா வந்துச்சு. வட்டத் தொப்பிய ஒட்டினா ரௌடி, முன்னாடி மூக்கு வெச்ச தொப்பிய ஒட்டினா போலீசு, மிச்சமெல்லாம் நாங்க அடிக்கற பெயிண்டுதான். அச்சு செய்யற செலவை மிச்சம் புடிச்சிருக்கான்னு தையல்நாயகி சிரிச்சா. எனக்குப் பக்கத்துல உக்காந்து வேலை செய்யறவ அவ, கண்ணு வரையறதுல அவளை அடிச்சிக்க ஆளு கிடையாது.

தப்பு எங்க நடந்துச்சுன்னா, கலர்ல நடந்துச்சு. ஏஜண்ட் போன்ல அனுப்பின போட்டோவுல போலீஸ்காரன் உடுப்பு கருப்பா நீலமான்னே தெரியல, ஏகாம்பரம் போன் கண்ணாடி வேற கீறல் விழுந்தது. நாங்க கேட்டோம், என்ன கலருங்க அடிக்கறதுன்னு. அந்த மனுஷன் கொஞ்சம்கூட யோசிக்கல. “போலீஸ்னா காக்கிதான், இதுல என்ன கேள்வி”ன்னாரு. நாங்களும் அதானேன்னு காக்கி அடிச்சிட்டோம். உலகத்துல எவன் கேட்டாலும் நாங்க அதைத்தான் அடிச்சிருப்போம்.

காக்கி காயற வரைக்கும் அவனுங்க ஈயம்தான். காஞ்சதும் ஒருத்தன் கழுத்தைத் திருப்பினான், இன்னொருத்தன் பெல்ட்டைத் தூக்கி விட்டுக்கிட்டான், அப்படியே வரிசையா இறங்கிப் பலகை நடுவுக்கு வந்து நின்னானுங்க. “ஈரம் இருக்குது, பின்பக்கம் தேய்க்காதீங்க”ன்னு தையல்நாயகி மட்டும் ஒரு அதட்டு அதட்டினா. போலீசு எழுந்துட்டா ரௌடி சும்மா இருப்பானா, பக்கத்துப் பலகையில கோட்டு போட்டவனுங்களும் ஒவ்வொருத்தனா எழுந்தானுங்க. எங்க காக்கி பட்டதுல அவனுங்க எங்க ஊரு போலீசாவே ஆயிட்டானுங்க, அதனால ரௌடிங்களும் எங்க ஊரு ரௌடிங்களாவே ஆயிட்டானுங்க, நடந்தது அவ்வளவுதான்.

காக்கிக்காரனுங்க தீக்குச்சிய அடுக்கித் தடுப்பு வெச்சு, அந்த வழியா போற ரௌடிய எல்லாம் நிறுத்தி, தலையில தொப்பி இருக்கறவனையும் ஏன் ஹெல்மெட் போடலன்னு கேட்டு ஓரமா நிக்கவெச்சு, வெயில் ஏறினதும் பெயிண்ட் டப்பா மூடி நிழல்ல போயி ஒதுங்கி, நாங்க மூடியில ஊத்தி வெச்ச டீத்தண்ணிய நின்னுக்கிட்டே குடிச்சிட்டு, ஒரு பேச்சும் இல்லாம வாயைத் தொடைச்சிக்கிட்டுப் போனானுங்க. ரௌடிங்க மட்டும் லேசுப்பட்டவனுங்களா, ஒருத்தனுக்குப் பொறந்தநாளுன்னு சோத்துப் பருக்கைய கேக்காட்டம் நடுவுல வெச்சு, பிளேடுத் துண்ட வாளா புடிச்சு வெட்டி ஊட்டி விட்டுக்கிட்டானுங்க. தெருவே வேலைவெட்டிய விட்டுட்டு வந்து பாத்துச்சு. பொம்பளைங்க இடுப்புல குடத்தோட நின்னாங்க, பள்ளிக்கூடம் விட்ட புள்ளைங்க ஜன்னல் கம்பியில தொங்குச்சுங்க, கோயில் பூசாரி வந்து தேர் நேரத்துல இதெல்லாம் இருந்தா தீட்டான்னு யோசிச்சுப் பாத்துட்டு, ஈயத்துக்கு ஏது தீட்டுன்னு அவரே தீர்ப்பும் சொல்லிட்டுப் போனாரு. கொஞ்ச நாள்ல அது பழகிடுச்சு. காலையில கடைக்கு வர்றவங்க, “என்னா, உள்ள நிலவரம் எப்படி”ன்னு மழையப் பத்திக் கேக்கறாப்புல கேட்டுட்டுப் போவாங்க.

அந்த ரௌடிங்கள்ல ஒருத்தன் இருந்தான். வார்க்கும்போதே துப்பாக்கி உடைஞ்சு வெறுங்கையா வந்தவன். அவனுக்கு டை அடிக்கும்போது மத்த கலர் தீந்துபோயி, மிச்சம் இருந்த மஞ்சளை எடுத்துத் தையல்நாயகி அடிச்சா, அது நல்ல பழுத்த பலாச்சுளை நிறத்துல வந்துச்சு. எழுந்ததுல இருந்து அவன் ஒரு வம்புக்கும் போகல. டர்பன்டைன் பாட்டிலுக்குப் பக்கத்துல, பலகை ஓரமா காலைத் தொங்கப் போட்டு உக்காந்திருப்பான், கூட பச்சைக் கோட்டுக்காரன் ஒருத்தன் இருப்பான், ரெண்டு பேரும் தெருவை வேடிக்கை பாப்பானுங்க. ஆனா பலகையில எது நடந்தாலும், ஒரு தீக்குச்சி காணாம போனாலும், எவன் தொப்பி பறந்தாலும், காக்கிக்காரனுங்க நேரா போயி இந்தப் பலாச்சுளை டைக்காரனைத்தான் புடிப்பானுங்க. தீக்குச்சிய எடுத்தவன் எதிர்லயே வெச்சிக்கிட்டு நிப்பான், அவனைத் தாண்டிப் போயி இவனைப் புடிப்பானுங்க. கொண்டுபோயி டப்பா மூடிக்குப் பின்னாடி குத்தவெச்சு உக்கார வெப்பானுங்க. பொழுது சாய விடுவானுங்க, மறுநாள் மறுபடியும் புடிப்பானுங்க.

பழி ஓரிடம் பாவம் ஓரிடம்னு சொல்லுவாங்களே, அதைக் கண்ணால பாத்ததும் தெருவுக்கு மனசு ஆறல. எதிர்ல டீக்கடை வெச்சிருக்கற ராஜாங்கம் தெனம் வந்து நின்னு, “இது அநியாயம்ங்க, ஒருத்தன் இளிச்சவாயனா இருந்தா அவன் தலையிலயே மொளகா அரைப்பானுங்களா”ன்னு கண்ணு கலங்குவாரு. குத்தவெச்சிருக்கற நேரத்துல அவனுக்குன்னு ஒரு பொரியை உடைச்சுப் போட்டாங்க பொம்பளைங்க. அவன் வெளிய வர்ற நாளு நல்லபடியா வரணும்னு மாரியம்மனுக்கு மாவிளக்கு வேண்டிக்கிட்டவளும் உண்டு. பலாச்சுளை பலாச்சுளைன்னு தெருவே அவன் பேரைச் சொல்லி உருகுச்சு.

தையல்நாயகி மட்டும் கண்ணு வரைஞ்சிக்கிட்டு இருந்தா. ஒருநாள் ராஜாங்கம், ஸ்டேஷன் ஏட்டுக்கிட்டயே போயி இதைக் கேட்டா என்னான்னு ஆரம்பிச்சப்ப, தூரிகைய டப்பாவுல போட்டுட்டு எழுந்தா.

“ஏங்க, ஈயத்துக்கு இம்மாம் அழுவுறீங்களே, எம்புள்ளைய ஏத்திக்கிட்டுப் போறப்ப உங்க கடையில இருந்து பாத்துக்கிட்டுத்தான இருந்தீங்க. ஒருநாளாவது எழுந்து வந்து ஏன்யான்னு கேட்டீங்களா?”

அவ சொன்னது உண்மைதான். அவ மவன் கலிவரதன் லோடு ஆட்டோ ஓட்டறவன், பலாப்பழ சீசன்ல தூங்கறதுக்குக்கூட நேரம் இல்லாதவன். மீசை அரும்பின வயசுல தீமிதி திருவிழாவுல ரெண்டு தெருவுக்கும் கைகலப்பு ஆயி ஒருத்தனுக்கு மண்டை உடைஞ்சப்ப, அடிச்சவன் எல்லாம் கரும்புக் கொல்லையில பூந்து ஓடிட்டான். விழுந்தவனைத் தூக்கி உக்கார வெச்சுத் துண்டால கட்டுப்போட்டுக்கிட்டு இருந்தவன் இவன், கையில ரத்தம் இருந்ததும் இவனுக்குத்தான். அன்னைக்கு ஸ்டேஷன்ல இவன் பேர்ல ரௌடின்னு ஒரு ஃபைலை ஆரம்பிச்சு வெச்சாங்க, அதை மூடவே இல்ல. மந்திரி வந்தா கலிவரதன், தேரு வந்தா கலிவரதன், எவனோ எவன் பைக்கையோ எடுத்துக்கிட்டுப் போனா அதுக்கும் கலிவரதன். அடிக்கல ஒதைக்கல, பெஞ்சுல உக்காரவெச்சு அனுப்புவாங்க, ஆனா ஜீப்பு வீட்டு வாசல்ல வந்து நிக்கும், தெரு பாக்கும்.

இப்ப அவனுக்குப் பொண்ணு அமைஞ்சிருந்துச்சு. நெல்லிக்குப்பம் பக்கத்துப் பொண்ணு, அஞ்சலாட்சி, நர்ஸ் படிப்பு முடிச்சவ. அவளுக்கே இவனைப் புடிச்சிருந்தது. அவ அப்பா சிகாமணி வந்து பாத்து, பையன் கை உழைப்பு, குடி கிடையாதுன்னு எல்லாம் விசாரிச்சுட்டு, தேர் வாரத்து வெள்ளிக்கிழமை நாங்களே வந்து தட்டு மாத்திக்கறோம்னாரு. கிளம்பும்போது செருப்ப மாட்டிக்கிட்டே ஒரு வார்த்தை சொன்னாரு. “ஊர்ல பேசறாங்கம்மா. ஊரு வாயை மூட உலைமூடி இல்ல, அது எனக்கும் தெரியும். ஆனா அந்த வாரம் உங்க பையனை ஜீப்புல ஏத்தினாங்கன்னு எங்க ஊருக்குச் சேதி வந்துச்சுன்னா, நான் தட்டு எடுத்துக்கிட்டு வரமாட்டேன். கோவிச்சுக்கக் கூடாது.” தையல்நாயகி தலைய ஆட்டினா, வேற என்ன செய்வா. எந்தத் தேருக்கு இவனை ஏத்தாம விட்டாங்க.

தேர் வாரம் பொறந்ததுமே ஏட்டு தாமோதரன் பட்டறைக்கு வந்தாரு. குட்டிப் போலீசப் பாக்கணும்னு அவருக்கும் ஆசை. பலகைக்கு முன்னாடி குனிஞ்சு, அவனுங்க டீ குடிக்கறதப் பாத்து வயித்தைப் புடிச்சிக்கிட்டுச் சிரிச்சாரு. பலாச்சுளை டைக்காரனை இழுத்துக்கிட்டுப் போறதப் பாத்ததும் சிரிப்பு நின்னுபோச்சு, தொப்பிய எடுத்துக் கக்கத்துல வெச்சிக்கிட்டாரு. கெட்ட மனுஷன்னு சொல்ல முடியாது. தையல்நாயகி அவரைப் பின்கட்டுக்குக் கூட்டிக்கிட்டுப் போயி, இந்த ஒரு தேருக்கு எம்புள்ளைய விட்டுடுங்கன்னு கேட்டா. பின்கட்டுக்கும் எனக்கும் நடுவுல ஒரு தட்டிதான், எல்லாம் காதுல விழுந்துச்சு.

“நான் என்னாம்மா பண்றது, மேல இருந்து தெருவுக்கு ஒரு ஆளுன்னு கேக்கறாங்க. முன்னெச்சரிக்கையாம். உங்க தெருவுல இருந்து ஒரு தலை நான் காட்டியாகணும். உம்புள்ள வேணாம்னா வேற ஒரு பையன் பேரைச் சொல்லு, அவனை வெச்சு இந்த வருஷத்தை ஓட்டிடறேன். வியாழக்கிழமை காலையில வருவேன், யோசிச்சு வை.”

அவ யோசிச்சா. யோசிக்கலன்னு சொன்னா அது பொய். டீக்கடை ராஜாங்கத்துக்குப் பூவரசன்னு ஒரு மவன், எட்டு ஊருக்குக் கேக்கற மாதிரி சைலன்ஸர் வெச்ச பைக் ஓட்டறவன், அவன் பேரைச் சொன்னா யாரும் ஏன்னு கேக்கமாட்டாங்க. எத்தனை தடவை எம்புள்ள போனப்ப பாத்துக்கிட்டு இருந்தாங்க, ஒரு தடவை அவங்களும் பாக்கட்டுமேன்னு அவளுக்கு மனசுல வந்துச்சு. எனக்கே வந்துச்சு, பெத்தவளுக்கு வராதா.

மறுநாள் மத்தியானம் அவ என்னைக் கேக்காம, ஏகாம்பரத்தைக் கேக்காம, டப்பா மூடிக்குப் பின்னாடி குத்தவெச்சிருந்த பலாச்சுளை டைக்காரனை ரெண்டு விரலால தூக்கினா. நகத்தால வட்டத் தொப்பிய நெம்பி எடுத்தா, ஒரு சொட்டு பசை வெச்சு மூக்குத் தொப்பிய ஒட்டினா, கோட்டு, டை எல்லாத்து மேலயும் காக்கி அடிச்சா. “நீயாவது தப்பிச்சுக்கோடா”ன்னு மெதுவா சொல்லிக் காயவெச்சா. தெரு பூரா சேதி பரவி, எல்லாருக்கும் அப்பாடான்னு இருந்துச்சு, மாவிளக்கு வேண்டிக்கிட்டவ அன்னைக்கே அரிசி ஊறவெச்சிட்டா.

காஞ்சதும் அவன் எழுந்தான். பெல்ட்டைத் தூக்கி விட்டுக்கிட்டான். மத்த காக்கிக்காரனுங்க தள்ளி நின்னு இடம் விட்டானுங்க. நாங்க எல்லாம் பாத்துக்கிட்டு இருக்கும்போதே எவனோ ஒருத்தன் ஒரு தீக்குச்சிய உருவிக்கிட்டுப் போனான், எடுத்தவன் எவன்னு எங்க எல்லாருக்கும் தெரியும், இவனும் பாத்தான். பாத்துட்டு, பலகை ஓரத்துக்கு நேரா நடந்து போயி, டர்பன்டைன் பாட்டில் பக்கத்துல காலைத் தொங்கப்போட்டு உக்காந்திருந்த பச்சைக் கோட்டுக்காரனைக் காலரைப் புடிச்சு எழுப்பினான். தெனம் கூட உக்காந்திருந்தவனை. இழுத்துக்கிட்டுப் போயி, இவன் குத்தவெச்ச அதே இடத்துல அவனைக் குத்தவெச்சுட்டு, நிழல்ல போயி டீ குடிச்சான்.

ராஜாங்கம் கடையில பால் பொங்குதுன்னு போயிட்டாரு. தையல்நாயகி கையில காக்கி ஈரத்தோட அப்படியே உக்காந்திருந்தா, அப்புறம் முந்தானைய வாயில வெச்சிக்கிட்டு அழுதா. கலிவரதன் போலீசுல மாட்டின நாள்லகூட அவ அழுது நான் பாத்தது இல்ல. “நான் பண்ண இருந்ததை இவன் பண்ணிட்டான்டி”ன்னு எங்கிட்ட சொன்னா. நான் தண்ணி எடுத்துக் குடுத்தேன்.

மறுநாள் ஏஜண்ட் போன் பண்ணி, காக்கி எதுக்குய்யா அடிச்சேன்னு ஏகாம்பரத்தைக் கிழி கிழின்னு கிழிச்சாரு. அந்த ஊரு போலீசுக்குக் கருநீலமாம். புதன்கிழமை பூரா உக்காந்து எல்லாத்தையும் மாத்தி அடிச்சோம். நீலம் பட்டதும் ஒவ்வொருத்தனா ஈயமாயிட்டான், கைய ஓங்கினவன் ஓங்கினபடி, குனிஞ்சவன் குனிஞ்சபடி. கடைசிக் காக்கி போனதும் ரௌடிங்களும் நின்ன இடத்துல நின்னுட்டாங்க. பலாச்சுளைய யாரும் எடுக்கல, தையல்நாயகியேதான் எடுத்து நீலம் அடிச்சா. பஞ்சு வெச்சு அவனைப் பெட்டியில படுக்க வெச்சதும் அவதான். பெட்டிங்க லாரியில ஏறிப் போனதோட அந்தக் கூத்து தீந்துச்சு, தெருவுக்கு ரெண்டு நாள் சோறு இறங்கல.

வியாழக்கிழமை காலையில ஜீப்பு வந்துச்சு. கலிவரதன் வாசல்ல ஆட்டோவைத் துடைச்சிக்கிட்டு இருந்தான், ஜீப்பைப் பாத்ததும் துணிய மடிச்சு வெச்சுட்டுச் சட்டைய மாட்டப் போனான், பழக்கம். ஏட்டு இறங்கித் தையல்நாயகியப் பாத்து, “என்னாம்மா, யோசிச்சியா”ன்னாரு. டீக்கடையில ராஜாங்கம் எழுந்து நின்னாரு, ஏட்டு வேற ஒரு பையன் பேரைக் கேட்ட சேதி எப்படியோ அவருக்கு எட்டியிருந்துச்சு, மூஞ்சி வெளிறிக் கிடந்துச்சு.

“உங்களுக்கு ஒரு தலைதான வேணும்?”

“ஆமா.”

“இந்தத் தெருவு தலைதான?”

“ஆமாம்மா, பேரைச் சொல்லு.”

“தையல்நாயகி”ன்னு சொல்லிட்டு, அவ ஜீப்பு பின்னாடி காலை வெச்சு ஏறி உக்காந்துட்டா.

“அம்மா, நீ எறங்கு, நான் போறேன்”னு கலிவரதன் ஓடியாந்தான். “நீ ஏறினா நாளைக்குத் தட்டு வராதுடா, பேசாம இரு”ன்னா. ஏட்டு தலையச் சொறிஞ்சாரு. பொம்பள போலீசு இல்லாம உன்னை ஏத்தக்கூடாதும்மான்னாரு. “நீங்க எங்க ஏத்தினீங்க, நானேதான ஏறினேன்”னா. ஜீப்பு கொஞ்ச நேரம் நின்னு பாத்துட்டு அவளோடவே கிளம்பிடுச்சு. ஸ்டேஷன்ல பெரிய அதிகாரிக்குத் தேர் வேலை கழுத்தைப் புடிக்குது, பொம்மைக்காரத் தெரு என்னாச்சுன்னு கேட்டாரு, ஏட்டு பெஞ்சைக் காட்டினாரு, “ஒரு தலை வந்தாச்சுல்ல, அப்புறம் என்ன”ன்னு அவரு கிளம்பிட்டாரு. பொழுது சாய வீட்டுக்குப் போம்மான்னு ஏட்டு எவ்வளவோ சொல்லியும், நான் போனா நீங்க எம்புள்ளையத் தேடுவீங்கன்னு அவ அசையல. ஏட்டு வீட்டம்மாதான் சாப்பாடு கொண்டுவந்து போட்டு ராத்திரி கூடத் துணைக்கு இருந்தாங்க.

வெள்ளிக்கிழமை சிகாமணி சொந்தக்காரங்களோட தட்டு எடுத்துக்கிட்டு வந்துட்டாரு. பையனை ஏத்தினதா சேதி வரலையே. வீட்டுல உக்கார வெச்சு, பையனோட அம்மா எங்கன்னு கேட்டாரு. தட்டு மாத்தறதுக்கு அவ இருந்தாகணும், கலிவரதனுக்கு அப்பா கிடையாது. கலிவரதன் மறைக்கல, ஸ்டேஷன்ல இருக்காங்கன்னு உள்ளதை உள்ளபடி சொன்னான். சிகாமணி மூஞ்சி செத்துப்போச்சு. சொந்தக்காரங்கள்ல ஒருத்தரு, “எழுந்திரிப்பா, போலாம்”னாரு. அப்ப ராஜாங்கம் உள்ள வந்தாரு. தோள்ல இருந்த துண்டை எடுத்து இடுப்புல கட்டிக்கிட்டு, “அந்தம்மா எம்புள்ளைக்குப் பதிலாவும் சேத்துத்தான் உக்காந்திருக்குது”ன்னாரு. தட்டுல ஒண்ணை எடுத்துத் தலையில வெச்சிக்கிட்டு வாசல் இறங்கி நடந்தாரு. அவரு பின்னாடி ஒருத்தி, அவ பின்னாடி ஒருத்தி, பூ ஒரு தட்டு, பழம் ஒரு தட்டு, தேங்காய் வெத்தலை ஒரு தட்டுன்னு தெருவே ஸ்டேஷனுக்கு நடந்துச்சு, தேர் பாக்க வந்தவங்க இது என்ன ஊர்வலம்னு ஒதுங்கி வழிவிட்டாங்க. சிகாமணி கூட வந்தாரா திரும்பிட்டாரான்னு நான் பாக்கல, எந்தலையிலயும் தட்டு இருந்துச்சு.

ஸ்டேஷன் வராந்தாவுல, பெஞ்சுல, தையல்நாயகி கசங்கின புடவையோட உக்காந்திருந்தா. இம்மாம் கூட்டத்தப் பாத்ததும் எழுந்திரிக்கப் போனா. ஏட்டு என்ன செய்யறதுன்னு தெரியாம மின்விசிறி சுவிட்சைப் போட்டாரு. நாங்க தட்டுகளை வரிசையா கீழ வெச்சோம். அப்பத்தான் கூட்டத்தை விலக்கிக்கிட்டு சிகாமணி முன்னாடி வந்தாரு. வேர்த்துக் கொட்டுச்சு அவருக்கு. சுவத்துல இருந்த போலீசுப் படங்களைப் பாத்தாரு, ஏட்டைப் பாத்தாரு, அவளைப் பாத்தாரு. அப்புறம் செருப்பைக் கழட்டி ஓரமா விட்டுட்டு, வேட்டிய ஒதுக்கிக்கிட்டுச் சொன்னாரு:

“சம்பந்தி, கொஞ்சம் நவுந்து உக்காருங்க, நானும் உக்காரணும்.”